எண்ணெய் வேண்டாம்

மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
இரண்டு நாள் பயிற்சி, மூவாயிரத்து ஐநூறு,
மதியச் சாப்பாடும் சான்றிதழும் சேர்த்து.
நான் வந்தது சான்றிதழுக்கு.
கிளினிக் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டு வந்திருந்தேன்.

புதுச்சேரியிலிருந்து வந்த சொலான்ஜ் மேடம்
படம் எதையும் விரிக்கவில்லை.
பண்ருட்டிப் பலா ஒன்றைப் பிளந்து மேசைமேல் வைத்தார்.
"சுளையை எல்லாரும் படிச்சிருக்கீங்க.
எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு
தூக்கத்துலயும் சொல்லுவீங்க.
சுளையைச் சுத்தி இருக்கிற இந்தச் சடையை
காலேஜ்ல என்ன பண்ணோம்?"
சுரண்டி வாளியில் போட்டோம்.
எனக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது.
நீல வாளி. ஃபார்மலின் நெடி.
வெள்ளை வெள்ளையாய்ப் பெயரில்லாமல் ஏதோ.

பலா அறுக்கக் கையில் எண்ணெய் வேண்டும்,
இதற்கு வேண்டாம் என்றார்.
வழுக்கினால் பிடி கிடைக்காது.
பதினோரு வருடமாய்
லிட்டர் கணக்கில் வழுக்கியிருக்கிறேன்.

ஜோடி ஜோடியாய்ப் பிரிந்தோம்.
எனக்குப் பரங்கிப்பேட்டை மஹ்மூதா.
இடது தோள் என்றேன்.
அவள் தோளைத் தொடவேயில்லை.
நிற்கச் சொன்னாள், குனியச் சொன்னாள்.
முந்தானையை இழுத்தால் இடுப்பில் கொசுவம் கலையுமே,
அப்படி எதுவோ என்றாள்.
"ஆபரேஷன் ஏதாவது?"
"சிசேரியன். ஒன்பது வருஷம் ஆச்சு."
"தொடலாமா?"

இதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்,
பதிவேட்டில் ஒரு டிக் போடுவதற்காக.
என்னிடம் யாரும் கேட்டதில்லை.
தையல் பிரித்த நர்ஸ் கேட்கவில்லை.
குளிக்கையில் நானே அதைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்,
மழைத் தண்ணீர் நிற்கிற தெருவில்
பள்ளம் எங்கே என்று தெரிந்தவள் போல.

இரண்டு விரல்.
தோலோடு ஒட்டி, ஒரு பக்கமாய்ச் சாய்த்து
அங்கேயே நின்றாள்.
முதல் நிமிடம் ஒன்றுமில்லை.
இரண்டாவது நிமிடம் கரண்டு போனது.
நெய்வேலி இத்தனை பக்கத்தில் இருந்துமா என்று
யாரோ அலுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள்.
மீன் வண்டியின் ஹாரன் உள்ளே வந்தது.
அவள் நெற்றியிலிருந்து என் வயிற்றில் ஒரு சொட்டு.
"மன்னிச்சுக்குங்க" என்றாள்.
அப்போதும் விரலை எடுக்கவில்லை.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் எப்போதோ,
கடையில் ஒட்டிக்கிடக்கிற பாலிதீன் பை
தேய்த்துத் தேய்த்துச் சட்டென்று வாய் திறக்குமே,
அப்படி.

அழுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம்.
சிலர் அழுவார்கள் என்று கையேட்டில் இருக்கிறது.
எனக்குப் பசித்தது.
தோள் அரை அங்குலம் இறங்கிவிட்டதாம்.
அவள்தான் சொன்னாள், நான் பார்க்கவில்லை.
நம்புவதா என்று இன்னும் முடிவு செய்யவுமில்லை.
மதியம் அந்தப் பலாவைத்தான் தின்றோம்.
யாரும் பார்க்காதபோது
சடையில் கொஞ்சம் கிள்ளி மென்று பார்த்தேன்.

திங்கட்கிழமை முதல் ஆள் கலிவரதன்.
முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்.
இருநூற்றைம்பதை முதலிலேயே மேசையில் வைத்துவிட்டு
"ஏறி மிதிச்ச மாதிரி அமுக்கணும் மேடம்" என்று குப்புறப் படுப்பார்.
எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன்,
மூடியைத் திருகாமல் திரும்ப வைத்தேன்.
தொடலாமா என்றேன்.
தலையைத் திருப்பி ஒரு மாதிரி பார்த்தார்.

இடுப்பில் உள்ளங்கை.
உப்புக் காய்ந்த சொரசொரப்பு.
வைத்த கை வைத்தபடி.

அரை நிமிடம் பொறுத்தார்.
"இன்னிக்குக் கரண்டு வெக்கலியா?"
"இல்லிங்க."
"அப்ப எப்பதான் ஆரம்பிப்பீங்க?"

கடிகாரத்தில் இன்னும் மூன்றரை நிமிடம் இருந்தது.
அதற்குப் பக்கத்தில் வெறும் ஆணி.
சான்றிதழ் கூரியரில் வருமாம்.